கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு நாள்

மண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு கடல் உணவுப் பதனிடும் ஆலையில், நண்டுப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து வருகிறேன். வீடு தங்கச்சிமடம். 2024 ஏப்ரல் 8 அன்று, ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் வாயில் சிக்கிய பிளாஸ்டிக் தட்டை இழுக்கப் போய், இடது கை ஆள்காட்டி விரலை நசுக்கிக்கொண்டேன். எலும்பு உடைந்து, விரலை மடக்கும் தசைநாணும் அறுந்துவிட்டது என்றார்கள். முதலில் ராமநாதபுரத்தில் கட்டுப் போட்டு, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பி, மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. காயத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அதற்குப் பின் வந்த விடுப்புக் கணக்கைப் பற்றித்தான்.

ஆலை நிர்வாகம் அன்றே விபத்து அறிக்கையை, அதாவது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் 12ஆம் எண் படிவத்தை, அனுப்பிவிட்டது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த அறிக்கை தாமதமானதால் வேலையில் பட்ட காயம் சாதாரண நோயாகப் பதிவாகிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. நோய்க்கான உதவித்தொகை சராசரித் தினக்கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாளுக்கு மேல் கிடையாது. வேலையில் பட்ட காயத்துக்கான தற்காலிக ஊன உதவித்தொகை 90 சதவீதம், விபத்து நடந்த நாளை நீக்கி மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய இயலாமல் போனால், அந்த இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். என் சராசரித் தினக்கூலி 450 ரூபாய். ஆகவே எனக்கு உரியது நாளொன்றுக்கு 405 ரூபாய்.

எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிட்டால் ஆலைக்கு வரத்து சுருங்கிவிடும், நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டை வைத்துத்தான் பிரிவு ஓடும். அந்த நாட்களில் நிரந்தரத் தொழிலாளர்கள் தங்கள் ஆண்டு விடுப்பில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்ப்பது வழக்கம். எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் எங்கள் ஆலையில் கிடையாது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 20 முதல் மே 4 வரை, ஞாயிறும் மே தினமும் நீங்கலாகப் பன்னிரண்டு நாள் என்று ஒட்டியிருந்தார்கள்.

நான் மதுரையில் படுத்திருந்தபோது, என் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பையில் இரண்டு தாள்களும் இருந்தன. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள், வழக்கமான தாள்தான், கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள் என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. வலக்கை நன்றாகத்தானே இருந்தது, படிக்கக் கண்ணும் இருந்தது. படிக்காமல் போட்டது நான்தான். அவை ஏப்ரல் 20 முதல் மே 4 வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு வேண்டும் என்ற விண்ணப்பங்கள்.

இரண்டு நாள் கழித்து டைம் ஆபீஸ் எழுத்தர் தொலைபேசியில் பேசினார். அவர் கெட்ட எண்ணத்தோடு பேசினார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: “இ.எஸ்.ஐ.யில் தொண்ணூறு சதவீதம்தான் தருவான் தங்கச்சி. லீவாகப் போட்டால் முழுச் சம்பளம். நாளுக்கு நாற்பத்தைந்து ரூபாய் உனக்கு லாபம்.” பன்னிரண்டு நாளுக்கு 540 ரூபாய் லாபம் என்று நானும் மனக்கணக்குப் போட்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

மே மாதத் தொடக்கத்தில் மருத்துவச் சான்றிதழ்களோடு உதவித்தொகைக் கோரிக்கையைக் கொடுத்தேன். ஏப்ரல் 9 முதலான எல்லா நாட்களுக்கும் சேர்த்தே கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதிலிருந்து எங்களுக்குப் பேருந்துதான் கதியாக இருந்தது. கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, பாலத்துக் காற்றில் ஜன்னல் ஓரம் உட்கார முடியாமல் நின்றபடியே போனேன்.

அங்கிருந்த அலுவலர் இரண்டு தாள்களை என் முன் வைத்தார். ஒன்று நான் கொடுத்த கோரிக்கை. மற்றது, நான் உண்மையிலேயே வேலைக்கு வரவில்லையா என்று சரிபார்க்க அலுவலகம் ஆலைக்கு அனுப்பி, ஆலை நிரப்பித் திருப்பிய படிவம். அதில் பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு என்று இருந்தது. என் கோரிக்கையிலோ, அப்படிச் சம்பளம் எதுவும் பெறவில்லை என்ற உறுதிமொழியின் கீழ் என் கையெழுத்து இருந்தது. இரண்டு கையெழுத்தும் என்னுடையவை, ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டு அருகருகே கிடந்தன. தெரியாமல் நடந்ததாகத் தெரிவதால் திருத்திக்கொள்ள அழைத்தேன் என்றும், பணம் போன பிறகு தெரிந்திருந்தால் திரும்பக் கட்டச் சொல்லியிருப்போம் என்றும் அவர் சொன்னபோது எனக்கு நா வறண்டுவிட்டது.

அவர் எடுத்துக் காட்டியது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. வேலை செய்த நாளுக்கும், சம்பளம் பெறும் விடுப்பிலோ விடுமுறையிலோ இருந்த நாளுக்கும், வேலைநிறுத்தத்தில் இருந்த நாளுக்கும் நோய் உதவித்தொகையோ தற்காலிக ஊன உதவித்தொகையோ கிடையாது என்பது அதன் சாரம். ஒரு நாளுக்கு ஒரு பணம்தான். விடுப்பை எடுக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எடுத்தால் அந்த நாளின் உதவித்தொகை போய்விடும் என்றுதான் சொல்கிறது. விடுப்பு, விடுமுறை இரண்டையும் நாம் லீவு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் சட்டம் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லி நிறுத்தியிருக்கிறது. அதனால் எனக்கு வேறு இரண்டு நாட்களும் கழிந்தன. ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள், மே 1 தொழிலாளர் நாள். இரண்டும் ஆலையில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை, ஆகவே அந்த இரண்டு நாளுக்கும் உதவித்தொகை கேட்டிருக்கக் கூடாது. (வாக்குச்சாவடியில் என் ஆள்காட்டி விரல் கட்டுக்குள் இருந்ததால், மையை அடுத்த விரலில் வைத்தார்கள். அந்த மை அழிந்த பிறகும் கட்டு அவிழவில்லை.)

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் கணக்கை ஒழுங்காகப் போட்டேன். விடுப்பு நாளின் சம்பளம் 450 ரூபாய் என்றாலும், அதில் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 54 ரூபாயும், இ.எஸ்.ஐ. பங்குக்கு 0.75 சதவீதமாக மூன்று ரூபாய்ச் சொச்சமும் போய்விடும். கையில் வருவது 393 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. உதவித்தொகையில் பிடித்தம் கிடையாது, 405 ரூபாயும் அப்படியே வரும். அதாவது, முழுச் சம்பளம் என்று சொல்லப்பட்டது கைக்கு வரும்போது தொண்ணூறு சதவீதத்தைவிடச் சிறியது. வைப்பு நிதிக்குப் போவதும் என் பணம்தான், நிர்வாகத்தின் பங்கும் அதோடு சேரும், ஆகையால் அதை இழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஏற்றத்தாழ்வெல்லாம் சில்லறைக் கணக்கு. எழுத்தரின் கணக்கில் விடுபட்டுப்போன பெரிய தொகை வேறு: விடுப்பு நாள் என்பதே ஒரு சொத்து. இருபது நாள் உழைத்தால்தான் ஒரு நாள் சேருகிறது. 2023இல் உழைத்து நான் சேர்த்திருந்தது பதினைந்து நாள். அதில் பன்னிரண்டை, எப்படியும் வேலைக்குப் போக முடியாமல், வேறு வழியில் பணம் வந்துகொண்டிருந்த நாட்களில் கொட்டிவிட்டேன். நாற்பத்தைந்து ரூபாய் லாபம் என்று நான் நன்றி சொன்னது, 450 ரூபாய்ப் பொருளை விற்றதற்கு.

எனக்கு அந்த விடுப்பு வேறொன்றுக்குத் தேவைப்பட்டது. அம்மா இல்லாத வீடு எங்களுடையது. தங்கைக்கு அக்டோபரில் தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்க்க வேண்டியதை அக்காள்தான் பார்க்க வேண்டும். விடுப்பில் மூன்று நாள்தான் மிச்சம் என்றால், மற்ற நாட்களுக்குச் சம்பளம் இல்லாமல்தான் நின்றிருப்பேன்.

அலுவலர் இரண்டு வழி சொன்னார். அந்தப் பன்னிரண்டு நாளைக் கோரிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, மற்ற நாட்களுக்கு மட்டும் உடனே வாங்கிக்கொள்ளலாம். அல்லது, ஆலை அந்த விடுப்பை ரத்துசெய்து, கொடுத்த சம்பளத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் தந்தால், அந்த நாட்களையும் பரிசீலிக்கலாம். மற்ற நாட்களுக்கான தொகையை முதலில் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு நாளுக்காக ஆலைப் படி ஏறினேன்.

மூன்று முறை ஏற வேண்டியிருந்தது. பதிவேட்டில் ஏறிய விடுப்பை இறக்க முடியாது என்றார்கள். ஏப்ரல் மாதத்துக்கான வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. கணக்குகள் அனுப்பப்பட்டுவிட்டன என்றார்கள். கையெழுத்து உன்னுடையதுதானே என்றார்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் ஊரில் தொழிற்சங்க வேலையில் நரைத்த பெரியவர் ஒருவரிடம் போனேன். அவர், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 79ஆம் பிரிவைக் காட்டினார். நோயுற்ற காலத்தை ஈடுகட்டத் தொழிலாளி தன் விடுப்பைப் பயன்படுத்த விரும்பினால், பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. “விரும்பினால் என்ற சொல்லைப் பிடித்துக்கொள் அம்மா, சண்டை போடாதே, கடிதம் எழுது” என்றார்.

எழுதினேன். மருத்துவமனையில் இருந்தபோது விவரம் அறியாமல் கையெழுத்திட்டதையும், அந்த நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் இருப்பதையும், விடுப்பை என் விருப்பமாகக் கொள்ள வேண்டாம் என்பதையும், பெற்ற சம்பளத்தைத் திருப்பித் தரச் சம்மதம் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கினேன். வாய்ச்சொல்லாகக் கேட்ட மூன்று முறையும் நகராதது, முத்திரை விழுந்த பிறகு நகர்ந்தது. மே மாதத்து மூன்று நாளுக்கு இன்னும் சம்பளம் போடப்படாததால், அவற்றை இறக்குவது எளிதாக முடிந்தது. ஏப்ரல் சம்பளத்தோடு வந்துவிட்ட ஒன்பது நாள்தான் இழுத்தது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஜூன், ஜூலைச் சம்பளங்களில் இரண்டு தவணையாகப் பிடித்தார்கள். ஆகஸ்டில்தான் கிளை அலுவலகத்திலிருந்து அந்த நாட்களுக்கான பணம் வந்தது. இடைப்பட்ட இரண்டு மாதமும் கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான் வீடு ஓடியது. ஆகவே, யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், அந்த மாதச் சம்பளம் போடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் முந்தினால் இரண்டு மாதக் கடன் மிச்சம்.

இன்னொன்றையும் இதோடு சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் பயந்து விடுப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். மே மாத நடுவில் மணப்பாட்டில் சித்தி மகளுக்குத் திருமணம். வேலை செய்ய இயலாது என்று சொல்லி உதவித்தொகை வாங்குகிறவள், கல்யாண வீட்டில் பட்டுப்புடவையோடு நின்றால் யாராவது எழுதிப் போட்டுவிடுவார்கள், அந்த மூன்று நாளையாவது லீவாகப் போட்டுக்கொள் என்று ஆலையில் சிலர் அறிவுரை சொன்னார்கள். சட்டம் கேட்பது அதுவல்ல. உதவித்தொகை பெறுகிறவர் சிகிச்சையில் தொடர வேண்டும், குணமாவதைத் தடுக்கும் எதையும் செய்யக் கூடாது, மருத்துவ அலுவலரின் அனுமதியில்லாமல் சிகிச்சை பெறும் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே போகலாம், கேட்டுவிட்டுப் போக வேண்டும். இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டரம்மா சிரித்துவிட்டு, கைக்குத்தான் ஓய்வு சொன்னேன், காலுக்குச் சொல்லவில்லை என்றார். அடுத்த கட்டுப் போடும் நாளுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி, அனுமதியை எழுதியும் கொடுத்தார். சாயல்குடி, தூத்துக்குடி வழியாகப் போய் மூன்றாம் நாள் திரும்பினேன். பந்தி பரிமாறவில்லை, அது ஒன்றுதான் குறை.

எழுத்தர் சொன்னதில் ஒன்று உண்மை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விடுப்பை ரத்துசெய்ய நான் நின்றபோது, உனக்கு 240 நாள் வராமல் போய்விடும், அப்புறம் அடுத்த வருஷம் லீவே கிடையாது என்று அவர் எச்சரித்தார். அது வெறும் மிரட்டல் அல்ல. தொழிற்சாலைகள் சட்டத்தின்படி ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குத்தான் மறு ஆண்டில் விடுப்பு. முந்தைய ஆண்டு சேர்த்த விடுப்பை எடுத்த நாட்கள் அந்த 240இல் சேரும். வேலை கொடுக்க முடியாமல் நிர்வாகம் தற்காலிகமாக உட்காரவைத்த நாட்களும் மகப்பேறு விடுப்பும்கூடச் சேரும். ஆனால் காயத்தால் வராத நாட்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. போனஸ் சட்டத்திலும் பணிக்கொடைச் சட்டத்திலும் வேலையில் பட்ட காயத்தால் வராத நாட்கள் வேலை நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆண்டு விடுப்புக்கு மட்டும் இந்தப் பாரபட்சம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, நியாயமாகவும் படவில்லை. ஆக, நீண்ட காயத்தில் கிடப்பவர் ஆண்டு முடிவில் 230, 235 என்று நின்றுவிடும் நிலை இருந்தால், உதவித்தொகையை விட்டுக்கொடுத்துச் சில நாளை விடுப்பாக மாற்றிக்கொள்வது அறிவுள்ள செயலாகவும் இருக்கலாம். மாற்றுவதில் தவறில்லை, எண்ணிப் பார்த்து மாற்ற வேண்டும். நான் ஜூன் 22 அன்று வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்றிதழ் வாங்கி, 24ஆம் தேதி ஆலைக்குள் போனேன். அன்றிலிருந்து சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். ஒரு நாளும் மட்டம் போடவில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன்.

இவ்வளவும் இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குத்தான். மாமா ஒருவர், பத்துப் பேருக்கும் குறைவான ஆள் வைத்திருந்த சிறிய ஐஸ் ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. கால் முறிந்தபோது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம்தான் துணை. அதில் பணம் தர வேண்டியவர் முதலாளியே. தற்காலிக ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு 2020 முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. மருத்துவத்துக்கு முதலாளி கொடுத்ததை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது. மாமாவிடம் முதலாளி, ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தாகிவிட்டது, இனி எதுவும் வேண்டாம் என்று எழுதி வாங்கியிருந்தார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அது தெரியவந்த பிறகுதான் அவருக்குப் பணம் வந்தது.

என் கதை 2024இல் நடந்தது என்பதை வாசிப்பவர் மறந்துவிடக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நான் சொன்ன சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். ஆண்டு விடுப்புத் தகுதிக்கான 240 நாளும் 180 ஆகக் குறைந்திருக்கிறது. இருபது நாளுக்கு ஒரு நாள் என்பது அப்படியே இருக்கிறது. எனக்கு அன்று 180 என்று இருந்திருந்தால், காய்ச்சலோடு போன நாட்களில் படுத்திருப்பேன்.

அக்டோபரில் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். தங்கைக்குப் பெண் குழந்தை. விறைத்துப்போன விரலோடு பிள்ளையைக் குளிப்பாட்டப் பழக மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் சேர்ந்துதான், நாள்காட்டியில் 240ஆவது கோடு டிசம்பர் 28 அன்று விழுந்தது. ஆண்டு முடிய வேலை நாள் இரண்டே மிச்சம். ஜனவரிச் சம்பளச் சீட்டில் விடுப்பு இருப்பு 17 என்று வந்தது: பழைய ஐந்து, புதிதாகப் பன்னிரண்டு. விடுப்பில் இருந்த பத்து நாள் தகுதிக்குச் சேரும், ஆனால் புதிய விடுப்பை ஈட்டாது என்பதால், மீதி நாட்களை இருபதால் வகுத்து நானும் ஒருமுறை சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது. சீட்டைக் கொடுத்த எழுத்தர், “பன்னிரண்டு எங்கே போனாலும் உன்னிடமே வருது தங்கச்சி” என்றார். வரும் தடைக்காலத்துக்கான விடுப்புத் தாளையும் அப்போதே நீட்டினார். வாங்கி, மடித்து, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.